கொல்லிமலையில் ஒரு வளைவு குறைந்த கதை

சோளக்காட்டுச் செங்கோடன் சொல்வதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கிற வேலையை ஊர் என்றைக்கோ கைவிட்டுவிட்டது. அவர் சொன்னால் கேட்பார்கள். கேட்டுவிட்டு இன்னொரு டீக்குச் சொல்வார்கள். ஒரு காலத்தில் மிளகுக்கு நியாய விலை கேட்டு, மலைக்கு ரோடு கேட்டு, ரோட்டுக்குப் பஸ் கேட்டு, பஸ்ஸுக்குள் கால் வைக்க இடம் கேட்டு மறியலில் உட்கார்ந்தவர் அவர். எதுவும் கேட்டபடி கிடைக்கவில்லை. கிடைக்காததையெல்லாம் வாயாலேயே கட்டி முடித்துவிடும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். அவர்களுக்கு மட்டும் மாலை விழுந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிகிற இடத்தில் இருக்கிறது சோளக்காடு. அங்கே பஸ் நிற்கும் இடத்தில் செங்கோடனின் சைக்கிள் கடை. ஒட்டினாற்போல் அத்தப்பனின் டீக்கடை. அத்தப்பன் எதையும் நம்பாத மனிதர். தன் கடைப் பாலில் தானே ஊற்றிய தண்ணீரைக்கூட அளந்து பார்ப்பவர். இரண்டு கடைக்கும் முன்னால் சாக்கை விரித்துக் கொய்யாவும் பலாச்சுளையும் விற்பவள் பாவாயி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மலைச் சைக்கிள் பந்தயம். சோளக்காட்டில் கிளம்பி அடிவாரம் காரவள்ளி வரைக்கும் இறக்கத்திலேயே ஓட்ட வேண்டும். ரோட்டோரம் கம்பு நட்டுப் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கூடப் பழக்கமில்லாத ஒரு பெரிய மனிதர் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் வாழைப்பழம் தின்றபடி தங்கள் வண்டிகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒருவர் ஒவ்வொரு வண்டியாகப் பிரேக்கை அழுத்திப் பார்த்து, தேறிய வண்டிக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் பூங்கொடி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு செங்கோடன் கடைக்கு வந்தாள். சிற்றூர்களுக்குத் தபால் கொண்டுபோகிறவள். மலையில் அவள் சைக்கிள் போகாத தடம் கிடையாது.

"மாமா, பிரேக்கு புடிச்சுட்டுக் கத்தினாப் பரவால்ல. இது புடிக்காமயே கத்துது" என்றாள்.

"கவர்மெண்டு ஆபீசருல பாதிப் பேரு அப்படித்தான் கண்ணு. வண்டியைச் சாத்து, பாக்கலாம்."

"வெளையாடாதீங்க. போன வருசம் அந்த விசிலுக்காரரு என் பிரேக்கை ஒருக்கா அழுத்திப் பாத்துட்டு, காதைப் பொத்திக்கிட்டு, அடுத்த வண்டின்னாரு. டவுன் புள்ளைங்க எல்லாம் சிரிச்சாங்க. இந்த வருசமும் திருப்பி அனுப்புனா நான் பந்தயப் பக்கமே வர மாட்டேன்."

அவள் சொன்னதில் புளுகு கிடையாது. மலை இவர்களுடையது, ரோட்டுக்குக் கல் உடைத்த கை இவர்களுடையது. பந்தயத்தில் மட்டும் இவர்கள் ஓரமாக நின்று கைதட்டினால் போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அவள் சேர்ந்தால்தான் மலையிலிருந்து ஒரு வண்டியாவது ஓடும்.

செங்கோடன் வண்டியைக் கவிழ்த்து நிறுத்தினார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் வட்டத் தகடு, அதை இரண்டு பக்கமும் கவ்வ இரண்டு சின்னப் பேட். டிஸ்க் பிரேக். அவர் ஆயுசு முழுக்கச் செய்தது கம்பி பிரேக்கும் ரப்பர் கட்டையும்தான். டிஸ்க் பிரேக்கை அவர் இதுவரை கழற்றியதே இல்லை. மருமகளின் போனில் ஒரு வெள்ளைக்காரன் கழற்றுவதை மட்டும் பார்த்திருந்தார். அவன் பேசியது ஒரு எழுத்தும் புரியவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டார். இந்த விஷயம் சோளக்காட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவிடவும் அவருக்கு உத்தேசமில்லை. தெரியாத வேலையில் கை வைக்கும்போதெல்லாம் அவருக்கு வாய் நீளும். அன்றைக்கும் நீண்டது.

"இதெல்லாம் ஒரு சத்தமா?" என்று ஆரம்பித்தார், ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தகட்டைத் துடைத்துக்கொண்டே. "சத்தம்னா முன்னாடி இங்க வந்த ஒரு கோயமுத்தூர்க்காரன் வண்டிச் சத்தம். மொத வளைவுல அவன் பிரேக்கைத் தொட்டான் பாருங்க, மரத்துல காயா நின்ன பலா அத்தனையும் பயத்துல பழுத்துப்போச்சு."

"பயந்தாப் பழுக்குமா?" என்றாள் பாவாயி.

"பயந்தா மனுசனுக்கு நரைக்கறதில்லையா? மரத்துக்குப் பழுக்கும். அதோட வுட்டுச்சா? அடிவாரத்துச் சனம் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, மலைக்கு ரயில் வந்துருச்சுன்னு மூட்டை முடிச்சோட கிளம்பி நின்னுட்டாங்க. இத்தனை சனம் நிக்கறதைப் பாத்ததும் எல்லாக் கட்சிக்காரனும் ரயிலை நான்தான் கொண்டாந்தேன்னு போஸ்டர் ஒட்டிட்டான். ஒரு மந்திரி வந்து அடிக்கல் நாட்டுனாரு. ஸ்டேசன் மாஸ்டர் வந்தாரு. பச்சைக்கொடி வந்துச்சு. கூடையோட வடை விக்கிறவனே வந்துட்டான். ரயிலு ஒண்ணுதான் பாக்கி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கோயமுத்தூர்க்காரன் வண்டியை நான் சரி பண்ணித் தொலைச்சுட்டேன். சத்தம் நின்னுபோச்சு. ரயிலை ரத்துப் பண்ணிட்டாங்க. நம்ம மலைக்கு ரயில் வரலைன்னு இனிமே யாரும் கவர்மெண்டைத் திட்டாதீங்க, பாவம். தப்பு என்னோடது."

அத்தப்பன் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "ஏனுங்கண்ணா, அந்த அடிக்கல் இப்ப எங்கீங்க?"

"நீ பாத்திரம் வெளக்கறியே, அந்தக் கல்லு என்னான்னு நெனச்சே?"

அத்தப்பன் சிரித்தார். சிரித்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி எட்டி அந்தக் கல்லை ஒரு பார்வை பார்த்தார்.

செங்கோடன் அதற்குள் குறட்டால் இரண்டு சக்கரத்துப் பேட்களையும் வெளியே இழுத்திருந்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மேலே மினுமினு என்று பிசுபிசுப்பு. மூக்குக்குக் கொண்டுபோனார். முகம் கொஞ்சம் மாறியது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"சத்தம் போவட்டும் மாமா, புடிக்கணுமே" என்றாள் பூங்கொடி. அவள் கண் பேனர் பக்கமே இருந்தது. விசில்காரர் பாதி வண்டிகளை முடித்துவிட்டார்.

"புடிக்கறதா? கண்ணு, நான் போடற பிரேக்கு அளவுக்கு மீறிப் புடிச்சுடக்கூடாதேங்கறதுதான் என் கவலையே. முன்னாடி ஒருத்தன் அப்படித்தான், நான் சொல்லச் சொல்லக் கேக்காம வளைவுல முழுசா அழுத்திட்டான். டயரு ரோட்டைக் கவ்வுச்சு. கவ்வுனது வுடலை. வந்த வேகம் எங்க போகும்? வண்டி ரோட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிருச்சு. சுருங்கிக் கெடக்கற கோரைப்பாயைப் புடிச்சு இழுத்தா நேராகுதில்ல? அதே மாதிரி ஒரு வளைவு நேராயிருச்சு."

வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த டவுன் பையன் ஒருவன் கிட்டே வந்தான். "அங்கிள், போர்டுல எழுபது வளைவுன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா தம்பி. அதுக்கு முன்னாடி எழுபத்தொண்ணு. நீயே எண்ணிப் பாரு, ஒண்ணு இருக்காது."

பையன் வாயில் பழத்தோடு யோசித்தான். எழுபது எண்ணினால் எழுபதுதான் வரும். ஒன்று குறைந்ததற்கு அதைவிடச் சாட்சி எங்கே தேடுவது? அரசாங்கப் புள்ளிவிவரமெல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது என்பது அவனுக்கு இன்னும் வயது ஏறினால் தெரியும்.

"அத்தப்பா, ஒரு பழைய தோசைக்கல்லு குடு. அடுப்பையும் கொஞ்சம் வுடு" என்றார் செங்கோடன்.

"பிரேக்கை வறுக்கப் போறீங்களா?"

"பேட்டு எண்ணெய் குடிச்சிருக்கு. சூட்டுல கக்க வெக்கணும்."

எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தப்பன் மறுபேச்சில்லாமல் தோசைக்கல்லை எடுத்து வைத்தார். அவர் இப்படிக் கேட்டதும் கொடுப்பவரில்லை. பாவாயி அதைக் கவனித்துவிட்டாள்.

பேட்கள் கல்லில் கிடந்து காய்ந்தன. செங்கோடன் இடுக்கியால் புரட்டிக்கொண்டே கதையையும் புரட்டினார். "சூடுன்னதும் ஞாபகம் வருது. இறக்கம் பூராவும் ஒருத்தி பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே போனா. டிஸ்கு பழுத்துச் செவப்பாயிருச்சு. அவ போன வழி நெடுகக் காப்பிச் செடியில இருந்த கொட்டை செடியிலேயே வறுபட்டுப் போச்சு. மிளகு கொடியிலேயே காஞ்சு உதிருது. சனமெல்லாம் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கிட்டு அவ பின்னாடியே..."

கதை அங்கேயே நின்றது. தோசைக்கல்லிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. புகையோடு வாசமும் வந்தது. காப்பி வாசமில்லை, மிளகு வாசமில்லை. சுத்தமான தேங்காய் எண்ணெய் வாசம். அத்தப்பன் தினமும் தலையில் வைத்துக்கொண்டு வருவாரே, அதே வாசம்.

எல்லோரும் அத்தப்பன் தலையைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க?" என்றார் அத்தப்பன். பிறகு அவரே, "தெனமும் கடை முன்னாடி அந்த வண்டி கத்திக்கிட்டுப் போகுது. பாவம் புள்ளைன்னு, அவ தபால் எடுக்க உள்ள போன நேரத்துல நாலு சொட்டு வுட்டேன். முன்னாடியும் வுட்டேன், பின்னாடியும் வுட்டேன். நல்லதுதான பண்ணேன்?"

"அண்ணா!" பூங்கொடிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "பிரேக்குக்குப் போயி யாராச்சும் எண்ணெய் வுடுவாங்களா? நேத்து மூணாவது வளைவுல நிக்காமப் போயி வேலிக்குள்ள வுழுந்தேன்!"

"கதவு கத்துனா எண்ணெய் வுடறோம். கெணத்து உருளை கத்துனா வுடறோம். தையல் மிசினு கத்துனா வுடறோம். இது மட்டும் கத்துனா வுடக்கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"வீட்டுக்காரி கத்துனா?" என்றாள் பாவாயி.

"வெளிய வந்து டீ ஆத்துவேன்."

சிரிப்பில் பூங்கொடியின் கோபம் பாதி கரைந்தது. அத்தப்பன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. செங்கோடன் அவரைத் திட்டவில்லை. பொதுக்கூட்டத்தில் தன் ஆள் தப்பாகப் பேசிவிட்டால் மைக்கை வாங்கிக்கொள்கிற பழைய பழக்கம் அவருக்கு.

"அத்தப்பன் வுட்டது நாலே சொட்டு. இதுக்கே இப்படியா? ஒருத்தன் கடலை எண்ணெய் முழுசா ஒரு டின்னு ஊத்திட்டு எங்கிட்ட வந்தான். வண்டி நிக்கவே நிக்கலை. காரவள்ளி தாண்டி, நாமக்கல் தாண்டி, காவேரியைத் தாண்டிப் போயிட்டான். அவன் சுத்திச் சுத்தி ஊர்ப் பெட்ரோல் பங்க்கு பக்கமா வர்றப்பல்லாம் அவம் பொண்டாட்டி ஓரத்துல நின்னு தூக்குப்போசியில சோறு குடுத்து வுடுவா. நான்தான் தொரத்திக்கிட்டே ஓடி, ஓடற வண்டியிலேயே பேட்டைக் கழட்டி, வறுத்து, மாட்டுனேன்."

"அடுப்பு?" என்றார் அத்தப்பன். குரல் திரும்பிவிட்டது.

"தலையில வெச்சிருந்தேன்."

இரண்டு சக்கரத்துக்கும் பேட்களை மாட்டினார். போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடியே மறுபடி முறுக்கினார். வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்தான். சக்கரங்களைச் சுற்றிவிட்டார். உரசாமல் சுற்றின. அவருக்கே ஆச்சரியம். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பூங்கொடி ஏறி உட்கார்ந்து, காலை ஊன்றிப் பிரேக்கை அழுத்தினாள். வண்டி சாவகாசமாக முன்னால் நகர்ந்தது.

"புடிக்கலையே மாமா."

டவுன் பையன் தொண்டையைச் செருமினான். செங்கோடன் போனில் பார்த்ததை ஞாபகப்படுத்திப் பார்த்தார். வெள்ளைக்காரன் கடைசியில் என்ன செய்தான்? ஒரு சரிவில் வேகமாக வந்தான், மெல்ல அழுத்தினான். திரும்ப ஏறினான், திரும்ப வந்தான், அழுத்தினான். அதை அவன் எதற்குச் செய்தான் என்று அன்று புரியவில்லை. இப்போது புரிந்த மாதிரி இருந்தது.

"உடனே புடிக்குமா? தேய்ச்ச பேட்டு புதுசு மாதிரி. தகடும் பேட்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். சரிவுல வுட்டு வுட்டுப் புடிக்கணும். புடிக்கப் புடிக்கத்தான் பழகும்."

"நீங்க பழக்கியிருக்கீங்களா?" என்றார் அத்தப்பன்.

"நானா? நான் பழக்குன பிரேக்கைப் பத்தி உனக்குத் தெரியாது. ஒருக்கா இந்த இறக்கத்துல வந்து டப்புனு ஒரு புடி புடிச்சேன். வண்டி நின்னுச்சு. நானும் நின்னேன். என் நெழல் நிக்கலை. அது பாட்டுக்கு வளைவெல்லாம் இறங்கிப் போயிருச்சு. நெழல் இல்லாம நான் கடையில உக்காந்திருக்கேன், வெயிலு என்னை எந்தப் பக்கம் அடிக்கறதுன்னு தெரியாமத் தெகச்சு நிக்குது. சாயங்காலப் பஸ்ஸுலதான் திரும்பி வந்துச்சு. கண்டக்டரு டிக்கெட்டுக் கேட்டிருக்காரு. அதுக்கு, ஆளு மேல இருக்காருன்னு கையைக் காட்டியிருக்கு."

யாரும் சிரித்து முடிக்கும் முன்பே அத்தப்பன் சொன்னார்: "அப்படின்னா இதையும் நீங்களே பழக்கிக் குடுத்துருங்கண்ணா."

எல்லோரும் ஆமோதித்தார்கள். பாவாயி கொய்யாக் கூடையை ஒதுக்கி வழிவிட்டாள். செங்கோடன் மிதிவண்டியில் ஏறியே வருஷக்கணக்கு. முட்டியில் வலி, கண்ணில் புரை. ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்; அவர் வாய்க்கு அது பெரிய காரியமில்லை.

"வேண்டாம் மாமா, நானே பழக்கிக்கறேன்" என்றாள் பூங்கொடி. கையுறையை மாட்டினாள். அப்போது அவள் முழங்கையில் வேலி முள் கிழித்த கோடு செங்கோடன் கண்ணில் பட்டது. தான் செய்தது சரியா என்று அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை இன்னொருத்தர் உடம்பில் சோதித்துப் பார்ப்பது அதிகாரத்தில் உள்ளவர்கள் செய்கிற வேலை.

"எறங்கு" என்றார்.

பள்ளிக்கூடத்து மேட்டிலிருந்து பேனர் வரைக்கும் நல்ல சரிவு. முதல் தடவை பிரேக் பிடிக்கவே இல்லை. இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்து நிறுத்தினார். அடுத்த தடவை முனகியது. அதற்கடுத்து முனகல் குறைந்து கொஞ்சம் தடுத்தது. ஒவ்வொரு முறையும் பூங்கொடியும் அத்தப்பனும் வண்டியைத் தள்ளி மேலே ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் காற்றில் அவர் வேட்டி பாய்மரம் மாதிரி எழும்பியது; இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பிரேக்கைப் பிடித்து இறங்கினார். மானத்துக்கு ஒரு கை, உயிருக்கு ஒரு கை.

"போதும் மாமா, புடிக்குது போல இருக்கு" என்றாள் பூங்கொடி.

"இன்னும் ஒரே ஒரு தடவை. முழு வேகம்."

முழு வேகத்தில்தான் வந்தார். சரிவு முடிகிற இடத்தில் பந்தயம் நடத்துகிறவர்களின் ஜீப் திடீரென்று பின்னால் நகர்ந்து குறுக்கே நின்றது. விசில்காரர் விசில் ஊதினார். பாவாயி "ஐயோ" என்றாள். செங்கோடன் வலது கையில் இருந்த உயிர் முழுவதையும் திரட்டி ஒரு பிடி பிடித்தார்.

சத்தமே இல்லை. ஜீப்புக்கு ஒரு முழம் முன்னால் முன் சக்கரம் ஆணியடித்த மாதிரி நின்றது. வண்டி நின்றது. செங்கோடன் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே எழும்பி, வாழைப்பழம் அடுக்கியிருந்த மேசையைத் தாண்டி, ஓரத்துப் பேனரில் சிரித்துக்கொண்டிருந்த பெரிய மனிதரின் முகத்தைக் கிழித்து அந்தப் பக்கம் தலையை நீட்டினார். பேனர் அவரைத் தொட்டில் மாதிரி தாங்கிக்கொண்டது. அந்தப் பெரிய மனிதரால் சோளக்காட்டுக்காரன் ஒருவனுக்கு நடந்த முதல் உதவி அதுதான்.

"மாமா!" என்று ஓடினாள் பூங்கொடி.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றது பேனரிலிருந்த தலை. கீழே பெரிய மனிதரின் கோட்டு சூட்டு, மேலே செங்கோடனின் நரைத்த மீசை. "வேணும்னுதான் இப்படி வந்தேன். நியாயமாப் பாத்தா நான் காரவள்ளியில போயி வுழுந்திருக்கணும். பேனரு வீணாப் போகக்கூடாதேன்னு வழியில எறங்கிக்கிட்டேன்."

விசில்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தினார். வலது கைப் பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பார்த்தார். பின் சக்கரம் தூக்கிக்கொண்டதே தவிர முன் சக்கரம் அசையவில்லை. தலையை ஆட்டினார். "முன்னாடி அருமையா இருக்கும்மா. பச்சை ஸ்டிக்கருதான்."

கூட்டம் கைதட்டியது. அத்தப்பன் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். பேனரில் இருந்த தலை இரண்டு பக்கமும் திரும்பி வணக்கம் சொன்னது.

விசில்காரர் இடது கைப் பிரேக்கை அழுத்தினார். பின் சக்கரம் நிதானமாக உருண்டது. உருண்டுகொண்டே 'கீ' என்று ஒரு சத்தம் போட்டது. அவர் ஸ்டிக்கரைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "பின்னாடியும் சரி பண்ணிட்டு வந்துரும்மா. கடைசி வண்டியா உன்னைப் பாக்கறேன்."

பூங்கொடி வண்டியை வாங்கிப் பள்ளிக்கூடத்து மேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினாள். பிறகு பேனரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எறங்கி வாங்க மாமா" என்றாள். "இந்தத் தடவை வேட்டியைத் தார்ப்பாச்சிக் கட்டிக்கிட்டு ஏறுங்க. எடது கை பிரேக்கு இன்னும் பழகவே இல்ல."